கார்டில் எழுதாத எண்கள்

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று கர்ப்பிணிகள் கிளினிக். பதினேழு பேர் வர வேண்டும், பதினான்கு பேர் வந்தார்கள். வராத மூன்று பேர் வீட்டுக்கும் நாளை நடக்க வேண்டும். ஒருத்தி தீப்பெட்டி ஆபீஸில் லீவு தரவில்லை என்பாள். ஒருத்தி மாமியாருக்குக் காய்ச்சல் என்பாள். மூன்றாமவள் கதவையே திறக்க மாட்டாள். இருபத்தேழு வருஷமாக இந்தத் துணை சுகாதார நிலையத்தில் கிராம நர்சாக இருக்கிறேன். எந்தக் கதவு எத்தனை தட்டுக்குத் திறக்கும் என்பது எனக்கு அத்துப்படி.

காளீஸ்வரிதான் இன்றைக்கு உயிரை வாங்கினாள். தலைப்பிரசவம், எட்டு மாதம் முடியப்போகிறது. இன்னமும் பெரியாஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று மல்லுக்கு நிற்கிறாள்.

"எங்க மதினி போன வருசம் போயிட்டு வந்து அழுதுச்சு நர்சம்மா. வலியில கத்துனதுக்கு வாயில வந்தபடி ஏசுனாகளாம். நா டவுன்ல தனியார்லயே பாத்துக்கிடுதேன்."

"அப்படியெல்லாம் யாரும் ஏச மாட்டாக. உங்க மதினி ஒண்ணுக்கு ரெண்டா சொல்லுவா. அங்க ரத்த வங்கி இருக்கு, ஐசியூ இருக்கு, பிள்ளைக்குத் தனி டாக்டர் இருக்காக. தனியார்ல ஏசி இருக்கும் தாயி. ஆபத்துன்னா அவுகளும் அங்கதான அனுப்புதாக? என் மகளா இருந்தாலும் நா அங்கதான் கூட்டிட்டுப் போவேன்."

கடைசி வாக்கியத்துக்கு மசியாதவர்கள் குறைவு. வேலைக்குச் சேர்ந்த வருஷம் சொல்லத் தொடங்கியது. அப்போது என் மகள் தொட்டிலில் கிடந்தாள்.

அவள் இப்போது பின்னால் குவார்ட்டர்ஸில் படுத்து ஃபோன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். லோசினிக்கு இது முப்பத்து மூன்றாவது வாரம். வளைகாப்பு முடித்து அழைத்து வந்து ஒன்பது நாளாகிறது. பிரசவத்துக்குப் பெயர் பதிந்திருப்பது டவுனில் டாக்டர் சாரதாமணியின் நர்சிங் ஹோமில். அது சம்பந்தியம்மாவின் விருப்பம். நான் மறுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 4, வியாழன்

லோசினியை நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போனேன். கண்ணாடிக் கதவு, தொட்டியில் செடி, உள்ளே நுழைந்ததும் "வாங்க மேடம்" என்று ஒரு பெண். என்னை மேடம் என்று கூப்பிட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சாரதாமணி நல்ல டாக்டர். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "சிஸ்டர், நார்மலா போனா இங்க நல்லா பாத்துக்கலாம். பிபி நூத்தி நாப்பதுக்கு வந்துட்டா நான் வச்சுக்க மாட்டேன். எங்கிட்ட பிளட் பேங்க் கிடையாது. அன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துருவேன். நீங்கதான் கூடவே இருக்கீங்களே, தினமும் பாத்துக் கார்டுல எழுதிருங்க. உங்க ரீடிங்னா எனக்குப் போதும்."

பெருமையாக இருந்தது. லோசினியிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன்.

இன்று 128/84.

செப்டம்பர் 7, ஞாயிறு

136/88. மத்தியானம் கிடாரங்காய் ஊறுகாயை ஸ்பூனால் எடுத்துத் தின்றிருக்கிறாள். ஜாடியைப் பரண் மேல் வைத்துவிட்டேன். "நா என்ன சின்னப் பிள்ளையா?" என்கிறாள். ஆமாம்.

சம்பந்தியம்மா ஃபோன் செய்தார். "எங்க வீட்டு மொதப் பேரப்பிள்ள. தர்மாஸ்பத்திரி வராந்தாவுல பொறந்துச்சுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாது பாருங்க" என்றார். அரசாங்கச் சம்பளத்தில் சாப்பிடுகிறவளிடமே இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். சரிங்க என்று வைத்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கிளினிக். காளீஸ்வரிக்கு 144/94. அரை மணி நேரம் இடது பக்கமாகப் படுக்க வைத்து மறுபடி பார்த்தேன். 142/92. கால் வீங்கியிருக்கிறது. கொலுசு பதிந்த தடம் அப்படியே நிற்கிறது.

ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. 108க்குச் சொல்லிவிட்டேன். அவள் புருஷன் லாரியில் இருக்கிறான், சாயங்காலம்தான் வருவான், அது வரைக்கும் பொறுக்கலாமே என்று மாமியார் இழுத்தார். "பொறுக்குறதுக்கு இது என்ன சோறா?" என்று கத்திவிட்டேன். வண்டியில் ஏறும்போது காளீஸ்வரி என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மகளா இருந்தாலும் அனுப்புவீகளா நர்சம்மா?"

"இந்த நிமிசமே அனுப்புவேன்."

வண்டி போனதும் உட்கார்ந்து ரெஃபரல் புத்தகத்தில் எழுதினேன். கையெழுத்து நன்றாக வந்திருந்தது.

செப்டம்பர் 10, புதன்

தடுப்பூசி நாள். பதினோரு குழந்தைகள், பதினோரு அழுகை.

லோசினிக்கு 142/90.

நேற்றுக் காளீஸ்வரிக்குப் பார்த்த அதே மெஷின்தான். பட்டை தளர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். ரப்பர் குழாயும் பழசு. புதிது கேட்டு எழுதிக் கொடுத்து மூன்று மாதமாகிறது. லோசினி அப்போதுதான் குளித்துவிட்டு வேகமாக நடந்து வந்தாள். ஒரு ரீடிங்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கார்டில் 128/82 என்று எழுதியிருக்கிறேன். நாளை பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

செப்டம்பர் 11, வியாழன்

140/90. கார்டில் 126/80.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாப்பிள்ளை அருள்குமரன் வந்திருந்தான். ஆட்டுக்கால் சூப் வைத்தேன். உப்பே இல்லை என்று அவன் முகம் போன போக்கைப் பார்த்து லோசினி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கும்போது முகம் உப்பலாகத் தெரிந்தது. கர்ப்பிணிக்கு முகம் பூரிப்பது உண்டு.

"பிபி எல்லாம் சரியா இருக்கா அத்தை?" என்று கேட்டான்.

"நா எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

146/94. கார்டில் 130/84. டைரியில் மட்டும் எதற்குச் சரியாக எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

செப்டம்பர் 17, புதன்

நர்சிங் ஹோமில் செக்கப். காலையில் தடுப்பூசி வேலையைப் பக்கத்து ஊர் நர்சிடம் ஒப்படைத்துவிட்டு, லோசினியை இரண்டு மணி நேரம் இடது பக்கம் படுக்க வைத்தேன். டவுனுக்கு பஸ்ஸில் போகவில்லை, ஆட்டோ. அங்கே போயும் பெஞ்சில் சாய்ந்துகொள்ளச் சொன்னேன். இதிலெல்லாம் தப்பு இல்லை. ஓய்வாக இருக்கும்போது பார்ப்பதுதான் முறை.

டாக்டர் பார்த்தபோது 136/86. கார்டைப் புரட்டினார்.

"கொஞ்சம் கூடுது. ஆனா நீங்க எழுதுனதெல்லாம் நார்மலாத்தான் இருக்கு. யூரின்ல ஆல்புமின் பாத்தீங்களா?"

"பாத்தேன் டாக்டர். இல்ல."

பார்க்கவில்லை. சோதனைக் குச்சி என் அலமாரியில்தான் இருக்கிறது.

"ஒரு தடவ நூத்தி நாப்பது வந்தாலும் அன்னைக்கே எனக்கு ஃபோன் பண்ணுங்க சிஸ்டர்." கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். நான் கார்டை வாங்கிப் பையில் வைத்தேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

150/96. கார்டில் 132/84.

ஆல்புமின் பார்த்தேன். ஒரு பிளஸ், சிறுநீரில் புரதம் இறங்கத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு வாரம் தாண்டினால் முப்பத்தாறு முடிந்துவிடும். அதற்குப் பிறகு டாக்டரே நாள் குறித்துப் பிள்ளையை எடுத்துவிடுவார். ஒரு வாரம்தான்.

செப்டம்பர் 20, சனி

காளீஸ்வரியின் மாமியார் ஃபோன் செய்தார். சிசேரியன், ஆண் குழந்தை, இரண்டேகால் கிலோ, இருவரும் நலம். "நீங்க அன்னைக்கு ஏசுனது நல்லதாப் போச்சு தாயி" என்றார். வைத்த பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். சம்பந்தியம்மா மேல் பழி போட்டது போதும். அவர் பெரியாஸ்பத்திரி என்று சொல்லியிருந்தாலும் நான்தான் வேண்டாம் என்றிருப்பேன்.

லோசினியைப் பெற்றது நான் பெரியாஸ்பத்திரியில்தான். பகல் பதினொரு மணி. கத்தினேன் என்று தொடையில் ஓங்கி ஒரு அடி விழுந்தது. அதோடு ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை இருபத்தெட்டு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை, இதிலும் எழுதப் போவதில்லை. அது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் என்னைப் பயமுறுத்துவது அது இல்லை.

அதற்கு முந்தின வருஷம், பயிற்சியில் இருந்தபோது, அதே வார்டில், அதே வார்த்தையைச் சொல்லி நானும் ஒருத்தியை அடித்திருக்கிறேன். சீனியர் நர்ஸ்கள் செய்வதைப் பார்த்து, அப்படித்தான் செய்ய வேண்டும் போலிருக்கிறது என்று. அவள் பெயர் வேலம்மாள். என்னைவிட இளையவள். அடித்ததும் கத்துவதை நிறுத்திவிட்டு என்னை அக்கா என்று கூப்பிட்டாள்.

அந்தப் பிரசவ மேஜையில் என் மகள் படுக்கக் கூடாது. மற்ற எல்லோரையும் அனுப்பலாம். என் மகள் கூடாது. இதுதான் விஷயம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

152/100. மூன்று தடவை பார்த்தேன். கார்டில் 132/84. முந்தாநாள் எழுதிய அதே எண்.

தலை கனக்கிறது என்றாள். தைலம் தேய்த்துவிட்டேன். இருபத்தேழு வருஷத்தில் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன், "தல வலிக்குன்னா தைலமா தேப்பீக? உடனே ஓடி வரணும்னு சொன்னேனா இல்லையா?" என்று.

"பிபி எவ்வளவும்மா?"

"நூத்தி முப்பத்திரெண்டு."

நாளை டாக்டருக்கு ஃபோன் செய்வேன்.

செப்டம்பர் 22, திங்கள்

செய்யவில்லை. காலையில் 148 இருந்தது, இறங்குகிறது என்று நினைத்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய், காலை 6.40

168/112. கண்ணில் மின்மினி பறக்கிறது என்கிறாள். மேல்வயிறு வலிக்கிறதாம். 108க்குச் சொல்லிவிட்டேன். வண்டி வர இருபது நிமிஷம். முனியசாமி சாமி, என் பிள்ளையைக் காப்பாற்று.

செப்டம்பர் 26, வெள்ளி

இந்த டைரி நேற்றுத்தான் என் கைக்குத் திரும்பி வந்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வண்டிக்குக் காத்திருக்கும்போது டாக்டர் சாரதாமணிக்கு ஃபோன் செய்தேன். எண்ணைச் சொன்னேன்.

"போன வாரம் வரைக்கும் நூத்தி முப்பதுன்னுதானே எழுதியிருந்தீங்க?"

அந்த எண்ணையே மறுபடி சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"இங்க கொண்டு வராதீங்க சிஸ்டர். நேரா பெரியாஸ்பத்திரி. நான் அங்க டியூட்டி டாக்டருக்குச் சொல்லிடுறேன். பிள்ளைய இடது பக்கமா படுக்க வைங்க."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது லோசினிக்கு வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, பல் கிட்டி, உடம்பு முழுக்க உதறியது. நான் எத்தனையோ பேருக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன், இப்படி வரும், அப்படி வரும் என்று. என் பிள்ளைக்கு வந்தபோது கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அங்கிருந்த நர்ஸ்தான் அவளை ஒருக்களித்துப் பிடித்தார். ஐம்பது வயது இருக்கும், கட்டையான உருவம். "ஒண்ணுமில்லடா கண்ணு, ஒண்ணுமில்ல, இங்க வந்துட்டல்ல" என்று லோசினியின் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அவர் கையையே பார்த்தேன். அந்தக் கை என் மகளின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தது.

டியூட்டி டாக்டர் ஜெஸ்லின் என்று ஒரு சின்னப் பெண். கார்டை வாங்கிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை நூத்தி முப்பத்திரெண்டு. ரெண்டு நாள்ல இப்படி ஏறி ஃபிட்ஸ் வந்துருக்கா? அப்ப தலையில வேற ஏதும் பிரச்சனையான்னு பாக்கணும். ஸ்கேனுக்குச் சொல்லுங்க. யாரு வீட்ல பிபி பாத்தது?"

ஸ்கேன் அறை அடுத்த கட்டடத்தில் இருக்கிறது. போக, எடுக்க, திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகும். என் பையில் இந்த டைரி இருந்தது. வண்டி வந்த அவசரத்தில் கையில் இருந்ததைப் பையில் போட்டிருந்தேன்.

"கார்டுல இருக்கறது பொய் டாக்டர். நாந்தான் பாத்தேன். நாந்தான் மாத்தி எழுதினேன். பத்தாம் தேதியிலேர்ந்தே கூடத்தான் இருக்கு. நெசமானது இதுல இருக்கு. நா இந்த வட்டாரத்து கிராம நர்சு."

மருந்து ஏற்றச் சொல்லிக்கொண்டே அவர் நின்ற இடத்தில் பக்கங்களைப் புரட்டினார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து எண்களின் அடியில் மட்டும் கோடு போட்டார். ஏழு கோடு. இருபதாம் தேதிப் பக்கத்தில் எண் எதுவும் இல்லை. ஆனாலும் அங்கே கொஞ்சம் நின்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஸ்கேன் அப்புறம் பாத்துக்கலாம். தியேட்டர் ரெடி பண்ணுங்க."

பதினொன்றேகாலுக்குப் பெண் குழந்தை. ஒரு கிலோ தொள்ளாயிரம். பச்சிளங்குழந்தைப் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். லோசினிக்கு ரத்தம் மூன்று யூனிட் ஏற்றினார்கள். அவள் நேற்றுத்தான் ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்தாள்.

வார்டைப் பற்றியும் எழுத வேண்டும். இரண்டு ஃபேனில் ஒன்று ஓடவில்லை. கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, ஒரு ஆள் வெளியே நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். காலையில் பெருக்க வந்த அம்மா ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் காலை மடக்கச் சொல்லி நாய் மாதிரி குரைத்தார். எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. என் மகள் உயிரோடு இருப்பதும் இதே இடத்தில்தான்.

மூன்றாவது கட்டிலில் காளீஸ்வரி. என்னைப் பார்த்ததும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"நர்சம்மா! சொன்ன சொல்லு தவறலயே. உங்க மகளயும் இங்கனதான் கொண்டாந்துருக்கீக." பக்கத்துக் கட்டில்காரியிடம் திரும்பினாள். "எங்க ஊரு நர்சம்மா. அவுக மகளயே இங்கதான் சேத்துருக்காக, பாத்துக்கோ. ஊருக்கு ஒண்ணு, தனக்கு ஒண்ணுன்னு பேசுற ஆள் இல்ல."

நான் தலையாட்டினேன். தலையாட்டினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

லோசினி இன்று உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். பிறகு கேட்டாள்.

"எங்கிட்ட நூத்தி முப்பத்திரெண்டுன்னு சொன்னியேம்மா. நா அவர்ட்டயும் அதையேதான் சொன்னேன். ஏம்மா?"

வேலம்மாளைப் பற்றிச் சொன்னேன். என் தொடையில் விழுந்த அடியைப் பற்றியும் சொன்னேன். அந்த வார்த்தையையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"உன்ன ஒருத்தி அடிச்சா, நீ ஒருத்திய அடிச்ச. அதுக்கு நானும் எம் பிள்ளையும் செத்துருக்கணுமா?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இட்லித் தட்டைக் கழுவி வைத்தேன். நான் கிளம்பும்போது திரும்பாமலேயே சொன்னாள்.

"நாளைக்கு ரசஞ்சாதம் கொண்டா. உப்புப் போடாத."

செப்டம்பர் 29, திங்கள்

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்துவிட்டேன். மெமோ வரும், விசாரணை வரும் என்றார். வரட்டும். ஆள் வரும் வரை வேலையை நிறுத்த முடியாது, நாளை கிளினிக் இருக்கிறது என்றும் சொன்னார்.

குழந்தை பத்து மில்லி பால் குடித்தாளாம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

கிளினிக். பத்தொன்பது பேர், எல்லோரும் வந்துவிட்டார்கள். செய்தி ஊருக்குள் பரவியிருக்கிறது, ஆனால் வேறு மாதிரி. ஏழாவதாக வந்து உட்கார்ந்தது சண்முகக்கனி, காளீஸ்வரியின் மதினி. போன வருஷம் அழுதுகொண்டு வந்தவள். மறுபடி மூன்று மாதம்.

"இந்தத் தடவ தனியார்தான்னு இருந்தேன் நர்சம்மா. காளீஸ்வரி ஃபோன்ல சொல்லுச்சு, உங்க மகளயே அங்கதான் சேத்தீகளாமே. அப்ப நானும் அங்கயே போறேன்."

வராந்தா முழுக்கப் பெண்கள். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த வருஷக் கணக்கில் ஒரு பிரசவம்கூடத் தனியாருக்குப் போகாது.

"இல்ல தாயி," என்றேன். "நா எம் மகள தனியார்லதான் பதிஞ்சேன். பிபி கூடுனத மறச்சு கார்டுல பொய் எழுதினேன். வலிப்பு வர்ற வரைக்கும் வீட்ல வச்சிருந்துட்டு, கடைசியிலதான் தூக்கிட்டு ஓடினேன். அங்க உள்ளவுகதான் காப்பாத்துனாக."

வெளியே ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சண்முகக்கனி சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, சுற்றியதை அவிழ்த்தாள்.

"அப்ப என்னய அங்க ஏசுனது நெசந்தான நர்சம்மா? நா ஒண்ணுக்கு ரெண்டா சொல்லலியே?"

"நெசந்தான். நீ அன்னைக்கு வந்து அழுதப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இல்லன்னு சொன்னேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போனால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

"பிரசவத்தப்ப நா கூட வாரேன்," என்றேன். "இந்த வேலையில இருந்தாலும் இல்லன்னாலும். யாராவது ஏசுனா நா கேக்கேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வளையல்களை மேலே ஏற்றிவிட்டு இடது கையை மேஜை மேல் நீட்டினாள்.

"சரி, பாருங்க. பாத்தது என்னவோ அதச் சொல்லுங்க."

பட்டையைச் சுற்றினேன். 118/76. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். கார்டை அவள் பக்கமாகத் திருப்பி வைத்து, அவள் பார்த்துக்கொண்டிருக்க எழுதினேன்.